ப்ராக் மெட்டலில் உணர்ச்சி, கைத்திறன், இசைக்கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ரோக்ரெசிவ் மெட்டல் (சுருக்கமாக ப்ராக் மெட்டல், மாறும் தாளங்களும் நீண்ட பாடல்களும் கொண்ட மெட்டல் இசை) வாசிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. உதாரணங்கள் பெரும்பாலும் கிட்டாரில் இருக்கும். டிரம்ஸ், குரல் பற்றித் தேவையான இடங்களில் சொல்லியிருக்கிறோம்.

கைத்திறன் கூடக் கூட உணர்ச்சி குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆனால் அப்படித் தோன்ற ஒரு காரணம் உண்டு. புதிதாகக் கைக்கு வந்த வித்தையை எல்லாப் பாட்டிலும் நுழைத்துப் பார்க்கும் பருவம் ஒன்று எல்லோருக்கும் வரும். ஸ்வீப் பிக்கிங் (பிக்கை ஒரே வீச்சில் பல தந்திகள்மேல் இழுப்பது) பழகிய மாதத்தில் எழுதிய ஒவ்வொரு சோலோவிலும் ஸ்வீப் இருக்கும். கேட்பவர் காதில் அப்போது வேகம்தான் விழும், பாட்டு விழாது.

"உணர்ச்சியோடு வாசிக்கிறார்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் காதில் பட்டது என்ன என்று பிரித்துப் பாருங்கள். ஸ்வரம் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு சத்தமாக இருந்தது, நிற்கும்போது சுருதி எப்படி அசைந்தது. இந்த நான்கும் கையில்தான் இருக்கின்றன. கை சொன்னபடி கேட்காவிட்டால், மனதில் எவ்வளவு இருந்தாலும் ஒலிபெருக்கி வழியாக அது வெளியே வராது.

அமெரிக்க ப்ராக் மெட்டல் குழுவான ட்ரீம் தியேட்டரின் டிரம்மர் மைக் போர்ட்னாய், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டதை 5 பாடல்களாக எழுதினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளைத் தழுவிய அந்த வரிசை, 2002 முதல் 2009 வரை வந்த 5 ஆல்பங்களில் ஆல்பத்துக்கு ஒன்றாகப் பரவிக் கிடக்கிறது. முன்பு வந்த ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் குறுகிய வாத்தியத் துண்டுகள்) வரிகளும் பின்னால் வரும் பாடல்களில் திரும்பி வரும். இவ்வளவு கடினமான வாசிப்பும் இவ்வளவு சொந்தமான வலியும் ஒரே பாட்டில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இசைக்கோட்பாடு தெரியாமல் இந்த இசையை வாசிக்க முடியுமா?

முடியும். ஆனால் "தெரியாது" என்பதற்குப் பல அளவுகள் உண்டு. ஸ்வீடனின் மெஷுகா குழுவைக் கேட்டுவிட்டுத் தாளக் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் டோமாஸ் ஹாக்கேயோ, தாங்கள் செய்வதெல்லாம் 4/4-ஐ (பாருக்கு 4 பீட்) மையமாகக் கொண்டதுதான், அதைச் சுற்றி அடுக்கும் விதம்தான் வேறு என்று சொல்லியிருக்கிறார். பெயர்கள் தேவைப்படாமல் இருந்திருக்கலாம், கணக்கு அவர்கள் உடம்பில் இருக்கிறது. மறுபக்கம், ட்ரீம் தியேட்டரைத் தொடங்கிய மூவரும் 1985-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

கோட்பாடு செய்யும் வேலை ஒன்றுதான்: தேடும் நேரத்தைக் குறைப்பது. "இந்த இடம் இருட்டாக வேண்டும்" என்று தோன்றியதும், கை 20 ஸ்வரங்களைத் தடவிப் பார்க்காமல் 2 ஸ்வரங்களுக்கு நேராகப் போகும். அந்தத் தடவலில்தான் பல நல்ல எண்ணங்கள் ஆறிப்போகின்றன.

அப்படியானால் எவ்வளவு படித்தால் போதும்?

இந்த வரிசையில் போனால் வீணாகாது.

முதலில் இடைவெளிகள். எந்த இரண்டு ஸ்வரங்களை வாசித்தாலும் இடையில் எத்தனை அரைச்சுரம் என்று காதாலேயே சொல்ல வேண்டும். இது வராமல் மோடுகளை (ஒரே ஸ்கேலை வெவ்வேறு ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் கிடைக்கும் வகைகள்) மனப்பாடம் செய்வது, எழுத்துக் கூட்டத் தெரியாமல் யாப்பு படிப்பதற்குச் சமம்.

அடுத்து, ஒரு ஸ்கேலில் பிறக்கும் 7 கார்டுகள். பிறகு மோடுகள். இதில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு வசதி உண்டு. ஏயோலியன் நடபைரவியின் ஸ்வரங்கள், டோரியன் கரகரப்பிரியா, ஃப்ரிஜியன் தோடி, லிடியன் கல்யாணி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெட்டலில் அடிக்கடி வரும் ஃப்ரிஜியன் டாமினன்ட்டுக்கு வகுளாபரணத்தின் ஸ்வரங்கள். கமகம், பிடிப்பு எல்லாம் வேறு என்பதால் ராகமே அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

மோடுகளை 7 விரல் வடிவங்களாகப் படிப்பது பரவலான தவறு. வடிவம் கைக்கு வந்திருக்கும், நிறம் காதுக்கு வந்திருக்காது. அதற்குப் பதில், ஆறாவது தந்தியில் ஈ-யை மட்டும் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு மோடிலும் வேறுபடும் அந்த ஒற்றை ஸ்வரத்தைத் தேடுங்கள். ஃப்ரிஜியனுக்கு எஃப், டோரியனுக்கு சி ஷார்ப், லிடியனுக்கு ஏ ஷார்ப். ஒரு மோடுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

கடைசியாக, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எந்த ஸ்வரம் நிற்கிறது, எது நகர்கிறது என்பது. இந்த இசையில் உணர்ச்சி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த கேள்வியில் வாசித்தே பார்க்கலாம்.

கோட்பாடு உணர்ச்சியை உண்டாக்கும் இடத்தை ஒன்று காட்ட முடியுமா?

கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோம் 72. நண்பர் ஒருவர் அல்லது லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) ஈ மைனர், சி மேஜர், ஏ மைனர், பி செவன்த் ஆகிய 4 கார்டுகளைக் கார்டுக்கு ஒரு பார் என்று வாசிக்கட்டும். நீங்கள் இரண்டாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப்பை மட்டும், ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் ஒரே மாதிரி மீட்டிக்கொண்டிருங்கள்.

ஈ மைனரில் அது ஒன்பதாவது ஸ்வரம். கொஞ்சம் ஏக்கமாக, ஆனால் உறுத்தாமல் மேலே மிதக்கும். சி மேஜர் வந்ததும் அதே ஸ்வரம் கூர்த்த நான்காவது ஆகிறது. நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனால் அறையின் கூரை உயர்ந்த மாதிரி இருக்கும். ஏ மைனரில் அது ஆறாவது. கார்டில் இருக்கும் சி-யோடு உரசுவதால் தொண்டை அடைக்கிற மாதிரி ஓர் இறுக்கம் வரும். பி செவன்த்தில் அது ஐந்தாவது. தரையில் கால் பதிந்துவிடும்.

ஒரு விரல், ஒரு ஸ்வரம், 4 மனநிலைகள். வேகம் பூஜ்யம். இதைக் காதால் உணர்ந்தவருக்கு "கோட்பாடா, உணர்ச்சியா" என்ற கேள்வி மறுபடி எழாது. இன்னொன்றும் செய்து பாருங்கள். நான்காவது பாரில் எஃப் ஷார்ப்பிலிருந்து அரைச்சுரம் ஏறி ஜி-க்குப் போய்த் திரும்புங்கள். பி செவன்த்தின் மேல் அந்த ஜி உறுத்தும். அந்த உறுத்தலை எத்தனை பீட் தாங்கிப் பிடிப்பது என்று முடிவெடுப்பதுதான் இசையமைப்பு.

ஆம்பில் டிஸ்டார்ஷன் போட்டதும் அழகான கார்டுகள் எல்லாம் கூழாகிவிடுகின்றன. ஏன்?

டிஸ்டார்ஷன், நீங்கள் வாசிக்கும் இரண்டு ஸ்வரங்களோடு, அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் கூடுதலாக ஒரு ஸ்வரத்தையும் உண்டாக்கும். பவர் கார்டில் அடிச்சுரமும் ஐந்தாவதும் கிட்டத்தட்ட 2:3 விகிதம். வித்தியாசம் 1, அதாவது அடிச்சுரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே. அதனால்தான் பவர் கார்டு இரண்டு விரலிலேயே அவ்வளவு கனமாக இருக்கிறது.

மேஜர் மூன்றாவது 4:5 விகிதத்தில் இருந்திருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஃப்ரெட்டுகள் சம இடைவெளிச் சுருதியில் அமைந்தவை. அதில் மேஜர் மூன்றாவது 14 சென்ட் அகலம். (100 சென்ட் ஓர் அரைச்சுரம்.) அந்த 14 சென்ட் பிழை, வித்தியாசத்தில் பிறக்கும் கீழ்ச்சுரத்தில் சுமார் 67 சென்ட்டாகப் பெருத்துவிடுகிறது. மைனர் மூன்றாவதில் இன்னும் மோசம், சுமார் 96 சென்ட், ஏறக்குறைய ஓர் அரைச்சுரமே தப்பு. ஐந்தாவதில் இதே கணக்கு 6 சென்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கூழ் என்று நீங்கள் சொல்வது அந்தத் தப்பிப்போன கீழ்ச்சுரத்தைத்தான்.

வழிகள் மூன்று உண்டு. கார்டின் மேஜர் அல்லது மைனர் மூன்றாவதை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கி வையுங்கள்: ஆறாம் தந்தி திறந்த ஈ, ஐந்தாம் தந்தியை விரலால் அணைத்துவிட்டு, நான்காம் தந்தியில் மைனருக்கு 5-ஆம் ஃப்ரெட், மேஜருக்கு 6. அல்லது மூன்றாவதையே விட்டுவிட்டு ஐந்தாவதுகளை அடுக்குங்கள்: ஆறாம் தந்தி திறந்தது, ஐந்தாம் தந்தி 2, நான்காம் தந்தி 4. ஈ, பி, எஃப் ஷார்ப் கிடைக்கும். ப்ராக் மெட்டல் குழுக்களில் நீங்கள் கேட்கும் பெரிய, திறந்த கார்டுகள் பல இந்த வடிவம்தான். மூன்றாவது வழி, கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) குறைப்பது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிடித்த கெயினில் மூன்றில் இரண்டு பங்கு போதும். இரண்டு கிட்டார் சேரும்போது கனம் தானாக வந்துவிடும்.

7/8, 5/8 என்று எழுதினால் கணக்குப் பாடம் மாதிரி ஒலிக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும், 4/4-இல் பிறந்த ரிஃப்பின் வாலை வெட்டி 7/8 ஆக்கியிருப்பீர்கள். கேட்பவர் காது, வெட்டுப்பட்ட அந்த அரை பீட்டை ஒவ்வொரு முறையும் தேடும். மெல்லிசை வரிக்கு இயல்பாகவே 7 நீளம் இருந்தால் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

அதனால் வாயால் தொடங்குங்கள். நம்மிடம் கொன்னக்கோல் (தாளத்தை வாயால் சொல்லும் கலை) இருக்கிறது. உலகெங்கும் பல டிரம்மர்கள் அதைத் தேடி வந்து கற்றுக்கொள்கிறார்கள். 5-க்கு தக தகிட, 7-க்கு தகிட தகதிமி, 9-க்கு தகதிமி தக தகிட. மிஸ்ர சாபு கேட்ட காதுக்கு 7 விசித்திரமான எண்ணே இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவு:

1. சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே நடங்கள். ஒவ்வொரு தொகுப்பின் முதல் எழுத்துக்கும் ஓர் அடி. 7-க்கு ஒரு குட்டை அடி, ஒரு நீள அடி. 5 நிமிடம் தடுமாறாமல் நடக்க வேண்டும்.
2. அதே தாளத்தில் ஒரு வரியை முனகுங்கள். கிட்டாரைத் தொட வேண்டாம். மூச்சு எங்கே விடுகிறீர்களோ அதுதான் வரியின் முடிவு.
3. 3+4 ஆகவும் 4+3 ஆகவும் முனகிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பாட்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தப் பகுதி முடியும்வரை மாற்றாதீர்கள்.
4. இப்போது கிட்டாரில் எடுங்கள். தொகுப்பின் முதல் ஸ்வரத்துக்கு டவுன்ஸ்ட்ரோக்.

அமெரிக்காவின் டூல் குழுவின் "ஸ்கிஸம்" 5/8, 7/8 என மாறி மாறிப் போகிறது. கணக்கில் ஒரு கண்ட சாபு, ஒரு மிஸ்ர சாபு, சேர்ந்தால் 12. 2002-இல் கிராமி வாங்கிய பாட்டு அது. அதன் பேஸ் வரியை முனகியபடி போகிறவர்களில் பெரும்பாலோர் எண்ணுவதே இல்லை, ஏனென்றால் வரியின் மூச்சும் தாளத்தின் நீளமும் ஒன்றாக இருக்கின்றன. அதே ஆல்பத்தின் "லேட்டராலஸ்" இன்னும் நல்ல பாடம். முதல் பாடல் வரிகளின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8, 5, 3 என்று ஃபிபொனாச்சி வரிசையில் ஏறி இறங்குகின்றன. பல்லவியில் தாளம் 9/8, 8/8, 7/8. எண்களைத் தெரியாமல் கேட்டாலும் அந்த அசைகள் மூச்சு விரிந்து சுருங்குவது போலத்தான் இருக்கும். எண்ணுக்கும் சொல்லுக்கும் ஒரே வேலை கொடுத்திருக்கிறார்கள்.

மெஷுகா மாதிரி, 4/4 மேல் வேறு கணக்கில் ரிஃப் ஓட்டுவது எப்படி?

ஓர் உதாரணம். 8 பார் 4/4-இல் பதினாறாம் பாகங்கள் (ஒரு பீட்டில் நாலில் ஒன்று) 128. உங்கள் ரிஃப் 23 நீளம்: தகதிமி 5 முறை, ஒரு தகிட. 5 முறை வாசித்தால் 115. மிச்சம் 13. ஆறாவது முறை 13-இல் வெட்டி, ஒன்பதாவது பாரின் முதல் பீட்டில் புதிதாகத் தொடங்குங்கள்.

நம் கோர்வையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கோர்வையில் எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) வந்து விழும்படி முன்கூட்டியே கணக்குப் போடுகிறோம். இங்கே கணக்கை ஓடவிட்டு, எல்லை வந்ததும் வெட்டிவிடுகிறார்கள். அந்த வெட்டும் ஒரு சுகம்தான்.

டிரம்மர் செய்ய வேண்டியது: வலது கை சிம்பலில் ஒரே சீரான கால் பீட், ஸ்னேர் ஒவ்வொரு பாரின் மூன்றாவது பீட்டிலும், கால்கள் மட்டும் ரிஃப்போடு. கேட்பவர் தலை சிம்பலோடு ஆடும், வயிறு ரிஃப்போடு புரளும். சிம்பலும் ரிஃப்போடு போய்விட்டால் பிடிக்க எதுவுமே இருக்காது. இந்தப் பாணியில் எழுதிப் பார்ப்பவர்களிடம் நாங்கள் அதிகம் கேட்கும் பிழை இதுதான்.

வேகத்தை எப்படி ஏற்றுவது? மெட்ரோனோமில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதாதா?

பாதி வேலை அதில் நடக்கும். இலக்கு 140-இல் பதினாறாம் பாகங்கள் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 9-க்குக் கொஞ்சம் அதிகமான ஸ்வரங்கள். 60 சதவீதத்தில், அதாவது 84-இல் தொடங்குங்கள். தொடர்ந்து 3 முறை சுத்தமாக வந்தால் 4 ஏற்றுங்கள். இரண்டு முறை தொடர்ந்து பிசகினால் 8 இறக்குங்கள். நாளுக்கு 15 நிமிடம். எட்டிய எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

எங்கோ 110, 115 பக்கம் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுவார்கள். காரணம், மெதுவாக வாசிக்கும்போது கை செய்யும் அசைவும் வேகமாக வாசிக்கும்போது செய்ய வேண்டிய அசைவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெதுவாக இருக்கும்போது முழங்கையிலிருந்து மீட்டினாலும் தெரியாது. வேகத்தில் மணிக்கட்டு இல்லாமல் முடியாது. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வாருங்கள். 140-இல் வைத்து, 4 ஸ்வரம் மட்டும் ஒரே வீச்சில் அடித்து, அடுத்த பீட்டின் முதல் ஸ்வரத்தில் நிறுத்தி, ஒரு முழு பார் ஓய்வு. அது தளர்வாக வந்ததும் 8 ஸ்வரம். பிறகு 16.

பிசகு எங்கே என்று கண்டுபிடிக்க, ஆம்பை அணைத்துவிட்டு வாசித்துக் கேளுங்கள். இரண்டு கையும் ஒன்றாக விழவில்லை என்றால் டிக்-டிக் என்று இரட்டைச் சத்தம் வரும். தந்தி மாறும் இடத்தில் மட்டும் தடுக்கினால் பிக் எந்தப் பக்கம் மாட்டுகிறது என்று பாருங்கள், மீட்டும் திசையை மாற்றி அமைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். முன்கையில் எரிச்சல் வந்தால் நிறுத்துங்கள். வலியோடு வாசித்துப் பழகும் இறுக்கம் போக, பழகிய காலத்தைவிட அதிக காலம் பிடிக்கும். மரத்துப்போதல், கூச்சம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பெண்ட், வைப்ராட்டோவுக்கெல்லாம் பயிற்சி உண்டா? அது தானாக வருவதுதானே?

தானாக வருவதில்லை. ஒரு மணி நேரம் ஸ்கேல் ஓட்டுகிறவர்கள் பெண்டுக்கு (தந்தியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவது) 5 நிமிடம் கொடுப்பதில்லை, பிறகு சோலோவில் உயிர் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

இரண்டாம் தந்தி 12-ஆம் ஃப்ரெட்டை மீட்டுங்கள். அந்தச் சுருதியை வாயால் பிடித்துக்கொண்டே 10-ஆம் ஃப்ரெட்டிலிருந்து தந்தியைத் தள்ளி அங்கே போங்கள். 20 முறை. ட்யூனரைப் பார்க்காமல் செய்து, பதிவுசெய்து, பிறகு ட்யூனரில் சரிபாருங்கள். பெரும்பாலோர் 20, 30 சென்ட் குறைவாக நிற்கிறார்கள். துக்கமான பாட்டில் அந்தக் குறை சோகமாக ஒலிக்காது, வெறும் சுருதிப் பிசகாகத்தான் ஒலிக்கும்.

வைப்ராட்டோவுக்கு (நிற்கும் ஸ்வரத்தின் சுருதியை அசைப்பது) மெட்ரோனோமை 75-இல் வையுங்கள். பீட்டுக்கு 3 அசைவு, பிறகு 4 அசைவு. 4 என்றால் வினாடிக்கு 5, பாடகர் குரலின் அசைவுக்குப் பக்கத்தில் வரும். தந்தி ஒவ்வொரு அசைவிலும் அசல் சுருதிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். நீள ஸ்வரத்தில் உடனே ஆட்டாதீர்கள். ஒரு பீட் சும்மா நிற்கவிட்டு, பிறகு தொடங்குங்கள். அந்த ஒரு பீட் அமைதிக்காகத்தான் கேட்பவர் காத்திருக்கிறார்.

கெயின் அதிகமானால் மெல்ல மீட்டுவதும் பலமாக மீட்டுவதும் ஒரே சத்தமாக வரும். கிட்டாரின் வால்யூமை 6, 7-க்கு இறக்கி வாசித்துப் பழகுங்கள். உச்சத்துக்கு 10 மிச்சம் இருக்கும்.

ஒரு சோலோவை எங்கே தொடங்குவது?

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பின்னணியை ஓடவிட்டு, போனில் 5 முறை முனகிப் பதிவுசெய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். 5-இலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு இருக்கும். அதுதான் சோலோ. மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி.

16 பார் இருந்தால், முதல் 8-இல் அந்தத் துண்டும் அதன் பதிலும். அடுத்த 4-இல் அதையே வேறு கார்டின் மேல், வேறு உயரத்தில். பிறகு 2 பார் வேகம். கடைசி 2 பார் இறங்கி நிற்க. எல்லோரும் இப்படியே எழுத வேண்டும் என்றில்லை, ஆனால் முதல் பாரிலேயே வேகமாகப் போய்விட்டால் 15 பாருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. வேகப் பகுதியின் முதல் ஸ்வரமும் கடைசி ஸ்வரமும் கார்டுக்குள் இருக்கட்டும். நடுவில் என்ன வந்தாலும் காது மன்னித்துவிடும்.

போர்ட்னாய் 2009-இல் தன் தந்தையை நினைத்து எழுதிய "தி பெஸ்ட் ஆஃப் டைம்ஸ்" பாடலின் முடிவில் ட்ரீம் தியேட்டரின் கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சி வாசிக்கும் சோலோவைக் கேளுங்கள். உலகின் வேகமான கைகளில் ஒன்று அது. அங்கே அந்தக் கை நீள ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

20 நிமிடப் பாட்டு எழுதினால் கேட்பவர் களைத்துவிடுகிறார். என்ன செய்வது?

ஒரு தாளில் பகுதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சத்தம், வேகம், நெருக்கடி மூன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். மூன்றும் 4, 5 ஆக மூன்று பகுதிகள் தொடர்ந்து வந்தால் களைப்பு அங்கேதான்.

1999-இல் வந்த ட்ரீம் தியேட்டரின் "சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி"யில் "தி டான்ஸ் ஆஃப் இடர்னிட்டி" என்ற 6 நிமிட வாத்திய இசை இருக்கிறது. தாளம் 100 முறைக்கு மேல் மாறுகிறது. அதற்கு இரண்டு பாடல் தள்ளி, ஆல்பத்தின் மிக எளிய, யாரும் கூடப் பாடக்கூடிய பாட்டு வருகிறது. அந்த எளிமை அவ்வளவு ஆழமாக இறங்குவதற்கு முன்னால் வந்த புயலும் ஒரு காரணம்.

அடங்கிய பகுதியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடாதீர்கள். டிஸ்டார்ஷன் போகட்டும், டிரம்ஸ் இருக்கட்டும். அல்லது டிரம்ஸ் நிற்கட்டும், பேஸ் மட்டும் பழைய ரிஃப்பை மெதுவாகத் தொடரட்டும். ஸ்வீடனின் ஓபெத் குழுவின் 2001 ஆல்பம் "பிளாக்வாட்டர் பார்க்"கில் உறுமலிலிருந்து அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இறங்கும் இடங்களை, எது நின்றது, எது தொடர்ந்தது என்று குறித்துக்கொண்டே கேளுங்கள். மிக்ஸிலும் கவனம் தேவை. மாஸ்டரிங்கில் எல்லாவற்றையும் நசுக்கி ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தால் நீங்கள் எழுதிய வித்தியாசம் காணாமல் போகும். அடங்கிய பகுதி குறைந்தது 4 டெசிபல் கீழே இருக்கட்டும்.

பதிவில் எல்லாவற்றையும் கிரிட்டில் ஒட்டிவிட்டால் உயிர் போய்விடுமா?

கிரிட் என்பது பதிவு மென்பொருளில் பீட்டைக் காட்டும் கோடுகள். எதை ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் பிரித்து வைக்கும் ரிதம் கிட்டார்கள் கிக் டிரம்மோடு இறுக்கமாக இருக்க வேண்டும். 120 வேகத்தில் ஒரு பதினாறாம் பாகம் 125 மில்லிசெகண்ட். அதில் 15, 20 தப்பினாலே பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி மீட்டுவது) ரிஃப் சொதசொதவென்று ஆகிவிடும். ஆனால் சோலோவையும் குரலையும் கிரிட்டுக்கு இழுக்காதீர்கள். பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் விழும் ஸ்வரம் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம். பிசகிய வரி என்றால் திருத்துவதைவிடத் திரும்ப வாசிப்பது நல்லது.

உறுமல் குரலில் உணர்ச்சி காட்ட முடியுமா?

முடியும், சொற்களின் வழியாக. உறுமலில் சுருதி பெரிதாகக் கேட்காது. மிஞ்சியிருப்பது அசை, அழுத்தம், நீளம். மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் கடித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. வலி, கரகரப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், மறுநாளும் பேச்சுக் குரல் சரியாக வராவிட்டால் முறை தவறு. இதை மட்டும் வீடியோ பார்த்துக் கற்காமல் தெரிந்த ஆசிரியரிடம் போங்கள்.

எழுதுவது எல்லாம் ஒரே மாதிரி வருகிறது.

கைதான் எழுதுகிறது, காது எழுதவில்லை. டியூனிங்கை மாற்றுங்கள். கனடாவின் ப்ராக் மெட்டல் கலைஞர் டெவின் டவுன்செண்ட் பயன்படுத்தும் திறந்த சி, தடித்த தந்தியிலிருந்து சி-ஜி-சி-ஜி-சி-ஈ. ஒரு விரலைக் குறுக்கே வைத்தாலே முழு கார்டு கிடைக்கும். பழைய வடிவங்கள் எதுவும் வேலை செய்யாததால் கேட்டுத்தான் ஆக வேண்டும். சாதாரண தந்திகள் தொளதொளக்கும், அடித்தந்தியை 0.052 அங்குலம் அல்லது அதற்கு மேல் போடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் 5 நிமிடம் ஆம்ப் இல்லாமல் மெதுவாக விரல் சூடாக்க. 15 நிமிடம் மேலே சொன்ன வேகப் பயிற்சி, ஒரே ஒரு துண்டு. 10 நிமிடம் பெண்டும் வைப்ராட்டோவும். 10 நிமிடம் காது: ஒரு பாட்டின் 4 பாரை, கிட்டாரைத் தொடாமல் முனகிப் பிடித்து, பிறகு வாசித்துச் சரிபார்த்தல். மிச்சம் 20 நிமிடம் எழுத. இந்த 20-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேறு எதற்கும் கொடுக்காதீர்கள், 2 பார்தான் வந்தாலும் சரி. அந்த 2 பாரைப் போனில் பதிவுசெய்து, தேதியும் தாளமும் பெயரில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பதிவுகளை வரிசையாகக் கேட்டு, முனக வருகிற ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.